கடைசி வீட்டுப் பச்சை வாளி

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் முதலில் குறைந்தது குப்பை. கருமாதி அன்று பந்தல் போட்டு விருந்து வைத்ததில் எச்சில் இலைகள் வாசலோரம் இடுப்பளவு குவிந்து கிடந்தன. சொந்தபந்தங்கள் சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என் வீட்டிலிருந்து வெளியே போனதெல்லாம் கொஞ்சம் காபிச் சக்கை, வெங்காயத் தோல், ஒரு பால் கவர். ஒருத்தி அன்றைக்கு முழுக்க உயிரோடு இருந்தாள் என்பதற்கு அவ்வளவுதான் அத்தாட்சி.

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களால் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மீதிப் பேரை அம்மா தாஜா பண்ணிப் பிடித்து வைத்திருந்தாள். அம்மா போனதும் அவர்களும் வரவில்லை. சூலூரில் தறிக்கூடம் வைத்திருந்த என் தம்பி, வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடச் சொன்னான். தறிச் சத்தத்தில் என்னால் தூங்க முடியாது என்றேன். அது பொய். அவன் வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடைக்கும், அந்த மூலையில் நான் நன்றிக் கடனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அது நம்மால் ஆகாத காரியம்.

கோயமுத்தூர் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. காதில் ஹெட்செட்டை மாட்டினால் ஊரெல்லாம் என் காதுக்குள் பேசும். பஞ்சு விலை, பெண் பார்த்த சேதி, சாவுச் செய்தி. எல்லாருடைய குரலையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னிடம் பேச ஆள் கிடையாது. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது. ஜனங்கள் தாங்களே நம்பர் சுழற்றிக்கொண்டார்கள். என் பலகையில் விளக்கு எரிவது குறைந்துகொண்டே போயிற்று. மத்தியான ஷிப்டில் உட்கார்ந்திருந்தால், எரியாத விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள்தான் பக்கத்தில். எனக்குப் பின்னவும் வராது.

எங்கள் தெரு நீலாம்பூர் பக்கம் போகிற சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு சரிவான தெரு. சரிவின் கடைசியில் ஒரு சந்து. சந்தில் மூன்று வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒன்று கட்டி முடிக்காமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது என்னுடையது. தெருமுனையில் ஒரு சிமெண்டுக் குப்பைத்தொட்டி உண்டு. அதற்குள் விழுந்ததைவிட வெளியே விழுந்ததுதான் அதிகம். ஆடிக் காற்று அடித்தால் முனையில் போட்ட பாலிதீன் பை என் வீட்டு முருங்கைமரத்தில் வந்து தொங்கும். யாராவது தீ வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் புகைக்கு அம்மா இருமுவாள். நான் தெருவில் இறங்கிச் சத்தம் போடுவேன். எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மூடிப்போன ஒரு மில்லின் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வீடு வீடாக வந்து குப்பை எடுப்பது, அதைக் கொண்டுபோய்ப் பிரிப்பது, காகிதத்தையும் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் விற்று வருவதைப் பங்கிட்டுக்கொள்வது, சமையல் குப்பையைக் குழியில் போட்டு எருவாக்குவது என்று திட்டம். எங்கள் தெருக்காரர்கள் கூட்டம் போட்டு, பூங்காவுக்கென்று ஒதுக்கிப் பூங்கா வராமலே கிடந்த ரிசர்வ் சைட்டில் ஒரு மூலையை அவர்களுக்கு விட்டார்கள். தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. பக்கத்தில் குழிகள் வெட்டினார்கள். ஒரு புங்கமரத்தை மட்டும் வெட்டாமல் விட்டார்கள்.

எங்கள் தெருச் சங்கத்துச் செயலாளர் பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். போல்ட்டையும் நட்டையும் தனித்தனியாக அடுக்காவிட்டால் தூக்கம் வராத மனிதர். அவருக்குக் குப்பை பிரிப்பது என்றால் சர்க்கரைப் பொங்கல். வீட்டுக்கு இரண்டு வாளி என்று சொல்லிவிட்டார். பச்சை வாளியில் மக்குவது, சிவப்பு வாளியில் மக்காதது. வீடு வீடாகப் போய் மூடியைத் திறந்து பார்ப்பார். முட்டை ஓடு எதில் போடுவது என்று ஒரு வீட்டில் கேட்டதற்கு, வீட்டில் முட்டை சமைப்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டு அது பெரிய தகராறாகிவிட்டது. தெருவே அந்த வாரம் அதைப் பேசித்தான் சிரித்தது. நான் சிரிக்க ஆளில்லாமல் தனியாகச் சிரித்தேன்.

வண்டி வரும் முறை எளிமையானது. காலையில் விசில் கேட்கும். வாளியை கேட்டுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். வாளி இருக்கிற கேட்டில் வண்டி நிற்கும், இல்லாத கேட்டில் நிற்காது. அவர்களுக்கு இன்னும் எத்தனையோ தெருக்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவோ குறையவோ. மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டிருந்தது. சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. கழுத்தில் கயிற்றில் கோத்த விசில். வெள்ளகோவில் பக்கத்துப் பிறப்பு, மில் வேலைக்கென்று கல்யாணமான புதிதில் இங்கே வந்தது. மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வண்டி அவளை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரிதான் இருக்கும்.

என் வாசலிலும் சரிவு. வண்டியை அப்படியே விட்டால் கட்டி முடிக்காத வீட்டுக்குள் போய் முட்டிக்கொள்ளும். அதனால் அவள் வண்டியில் ஒரு கருங்கல்லை வைத்திருந்தாள். வாளியை எடுத்துக் கவிழ்த்துவிட்டு உடனே போவதென்றால் இடுப்பால் வண்டியை அணை கொடுத்துப் பிடித்துக்கொள்வாள். சித்த நேரம் நிற்பதென்றால் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைப்பாள். என் வாசலில் கல்லை வைப்பாள். மற்ற வாசல்களில் வைத்து நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏனுங்க அம்மணி, காப்பி குடிச்சாச்சுங்களா?" என்று ஆரம்பிப்பாள்.

"ஆச்சுங்க. நீங்க?"

"எனக்கெங்கீங்க. ரெண்டு தெரு முடிச்சாத்தான் காப்பி. சிறுவாணித் தண்ணி வந்துதுங்களா இன்னைக்கு?"

"வந்துது. நூலாட்டம் வந்துது."

"அங்கயும் அப்படித்தானுங்க. கொடம் நெறையறதுக்குள்ள என்ற காலே மரத்துப்போச்சு."

இவ்வளவுதான் பேச்சு. சில நாள் மில்லைப் பற்றிச் சொல்வாள். சங்கு ஊதாத காலையில் தனக்கு இன்னமும் முழிப்பு வருகிறது என்றும், எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மில் மூடிப்போனது ஞாபகம் வருகிறது என்றும் ஒரு நாள் சொன்னாள். எனக்கும் அதே மாதிரி எழுந்ததும் அம்மாவுக்கு வெந்நீர் வைக்க அடுப்பங்கரைக்குப் போய் நின்ற காலைகள் உண்டு. அதை நான் சொல்லவில்லை. வாசலில் நின்று சொல்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. ஆனால் அவள் போன பிறகு அன்றைக்கு முழுதும் மனசு லேசாக இருந்தது. என் வீட்டு எல்லைக்குள் ஒரு மனுஷக் குரல் என்னிடமே பேசிய நேரம் அதுதான். மற்றதெல்லாம் ஹெட்செட்டில் யாரோ யாருக்கோ பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என் கேட்டைத் தட்டினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. நம்ம சந்துல மூணு ஊடு. அதுல ரெண்டு ஊட்டுல ஆளில்லீங்க. உங்க ஊட்டுல..." என்று என் பச்சை வாளியைப் பார்த்தார். அடியில் கொஞ்சம் கீரைத் தண்டு கிடந்தது. "இத்தனூண்டுக்கு அந்தம்மா வண்டிய அந்தச் சரிவுல எறக்கி ஏத்தோணும். பாவமில்லீங்களா? நீங்க ஒருத்தருதானுங்களே, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா முனைக்குக் கொண்டாந்து குடுத்துட்டீங்கன்னா போதுங்க."

நீங்கள் ஒருத்தர்தானே. எத்தனை மரியாதையாகச் சொன்னாலும் அது ஊசிதான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "என்ற ஊட்டுல எத்தன குப்பை சேரோணும்னு நீங்க ஏதாவது சட்டம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் கைகூப்பிவிட்டு, "அப்படியெல்லாம் இல்லீங்க, உங்க இஷ்டமுங்க, இருந்தாலும் நானு சொல்லிப்போட்டேன்" என்று போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் காலில் சுருண்ட நரம்பை நானும்தான் பார்த்திருந்தேன். அது தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. வாளி நிறைந்திருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் அம்மா இருந்தபோது எடுத்த அளவுக்கே அரிசி எடுத்தேன். ஒற்றை ஆளுக்குப் பழகியிருந்த கை அந்தப் பழைய அளவை உடனே கண்டுபிடித்துக்கொண்டது. காயும் அப்படியே. அம்மாவுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். எனக்கு ஆகாது, தொட்டால் வாயெல்லாம் அரிக்கும். அம்மாவுக்கென்று தனியாகச் செய்துதான் பழக்கம். அதனால் கத்திரிக்காயும் செய்தேன். என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, மீதிச் சோற்றையும் கத்திரிக்காய்ப் பொரியலையும் பச்சை வாளியில் கொட்டினேன். கொட்டும்போது கை கூசியது. அம்மா பார்த்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பாள். குப்பைத்தொட்டிக்காகச் சமைத்த பெண்பிள்ளை கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாளி முக்கால்வாசி நிறைந்தது. செயலாளர் அந்த வழியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். வண்டி சந்துக்குள் இறங்கி வந்தது. நான் கேட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவள் மூடியைத் திறந்தாள். பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வண்டியை இடுப்பால் அணை கொடுத்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தாள். "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். கல் வண்டியிலேயே கிடந்தது.

அவசரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். காபி குடித்தாயிற்றா என்று கேட்பாள். பதில் வருவதற்குள் வாளியைக் கீழே வைத்துவிட்டிருப்பாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. சிரிப்புக்கூட இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் நிற்கவில்லை.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சோறு விழுந்து வாளி கனத்துவிட்டதோ? வாளி நாறுகிறதோ? வாளியைக் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தேன். அடியில் காகிதம் விரித்தேன். அது போதாதென்று பூக்காரியிடம் நிறையப் பூ வாங்கி அம்மா படத்துக்குப் போட்டு, வாடியதை வாளியில் சோற்றின்மேல் பரப்பினேன், வாசனைக்கு. வாளி நிறைய நிறைய அவள் நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. இதில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

நடுவில் தம்பி ஒரு நாள் வந்து தங்கிவிட்டுப் போனான். வந்த காரியம் பழையதுதான், வீட்டைப் பூட்டிவிட்டு வா என்பது. காலையில் முகம் மழித்துவிட்டு பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு வாளியில் போட்டான். அவன் போனதும் வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம் வைத்துக் கொடுக்க ஆளில்லை என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் காய்ச்சல் என்று சொல்வதற்குக்கூட ஆளில்லாதது பழகவில்லை. வண்டி வந்தபோது போர்வையோடு எழுந்து வாசலுக்குப் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே வண்டி திரும்பிவிட்டது.

விஷயம் எனக்குத் தெரிந்தது டவுன் பஸ்ஸில். எங்கள் தெரு நடுவீட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மாதிரி. வழக்கமாக ஒரு தலையசைப்போடு சரி. அன்றைக்குக் கையிலிருந்த மல்லிகைப்பூவில் ஒரு முழம் கிள்ளி எனக்குக் கொடுத்தாள்.

"வெச்சுக்குங்க அம்மணி. இனி நீங்க பூ வெக்காம இருக்கக் கூடாது."

"எதுக்குங்க?"

"எதுக்கோ. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டமுங்க. அவிய அவிய மனசு, அவிய அவிய வாழ்க்கை. ரெண்டு பேரும் நல்லா இருந்தாச் செரி."

அப்புறம் தண்ணீர் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெண்டு பேர். வாளியில் விழுகிற இரண்டாவது ஆள் சோறு. சிவப்பு வாளியில் பிளேடு. அம்மா படத்துக்கு வாங்கிய பூ. தெருவே எனக்கு ஓர் ஆளைச் சேர்த்து வைத்துவிட்டது. இதையே வேறு ஊரில் செய்திருந்தால் கதவைத் தட்டி யார் அது என்று கேட்டிருப்பார்கள், அல்லது காறித் துப்பியிருப்பார்கள். எங்கள் ஊர் ஜனம் அதைச் செய்யாது. மனசுக்குள் எதை வைத்திருந்தாலும் வாயில் ஒரு 'ங்க' போட்டு மூடிவிடும். அந்த வண்டிக்கார அம்மாவும் எங்கள் ஊர்தானே. உள்ளே ஓர் ஆள் இருக்கிற வீட்டு வாசலில் நின்று பேச்சை வளர்ப்பது மரியாதை இல்லை என்று அவள் ஒதுங்கிப் போயிருக்கிறாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் கோபம் வந்தது. ஷிப்டு முடிந்து வீடு திரும்பியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பூவை வைத்துக்கொண்டேதான் திரும்பினேன். நாலைந்து நாள் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். செயலாளர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். கத்திரிக்காயைத் தொடர்ந்து செய்தேன். ஆனால் காலையில் விசில் சத்தம் சந்துக்குள் இறங்கி, நிற்காமல் திரும்பி மேலே போகும்போது, என் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆளால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. இல்லாத ஒருவருக்காக, இருந்த ஒருத்தியை நான் இழந்துகொண்டிருந்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. தம்பியிடம் சொன்னால் அழைத்துக்கொண்டு போய்விடுவான். ஆபீசில் சொன்னால் பரிதாபப்படுவார்கள். எனக்கு நானே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் சீப்பை எடுத்துத் தலை வார ஆரம்பித்துவிட்டேன். ஊரெல்லாம் பேச லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு வரி வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. பச்சை வாளியைக் கழுவித் துடைத்துக் காலியாக கேட்டுக்கு வெளியே வைத்து மூடினேன். பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வண்டி வந்தது. அவள் இடுப்பால் அணை கொடுத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். வழக்கமான கனத்துக்குக் கையை இழுத்ததில் காலி வாளி மேலே எகிறியது. மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லீங்க."

"சமைக்கலீங்களா? அவிய ஊருக்குப் போயிட்டாங்களா?"

"அப்படி ஒருத்தரும் இல்லீங்க," என்றேன். "என்ற ஊட்டுல ஆருமே இல்லீங்க. எங்கம்மா செத்ததுலிருந்து நான் ஒருத்திதான். வாளி ரொம்பலைன்னா வண்டி வராதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் ரெண்டாளுக்குச் சமைச்சேன். சமைச்சுக் கொட்டினேன்."

சொல்லி முடித்துவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி அவள் இடுப்பிலிருந்து நழுவிச் சரிவில் ஓரடி நகர்ந்தது. சட்டென்று எட்டிப் பிடித்தாள். கல்லை எடுத்துக் குனிந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது. மரியாதை குறையாத கோபம்.

"ஏனுங்க, அத்தனை சோத்தையுங்களா? அத்தனை நாளும் நல்ல சோறுங்க அது. குழியில கொட்டறப்ப எனக்குக் கையே வராதுங்க. புருசன் பொஞ்சாதி சண்டையாட்டமிருக்குது, அவிய திங்காம எந்திரிச்சுப் போறாங்களாட்டமிருக்குதுன்னு நெனச்சுக்குவேன். என்ற ஊட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போய் வருசமாச்சு. எங்கூட வர்றவங்கெல்லாம் மத்தியானம் ஊட்டுக்குப் போயிருவாங்க. நானு ஒருத்திதான் அந்தப் புங்கமரத்தடியில சோத்துத் தூக்குப்போசிய வெச்சுட்டு ஒக்காந்திருப்பேன். நானும் தனியாத்தானுங்க திங்கறேன் அம்மணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அவளுக்குச் சாப்பாடு போடலாம் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. தண்ணீர் கேட்டால் சொம்பில் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே கொடுப்போம், அங்கேயே வாங்கிக்கொள்வோம். தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அவளும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வா என்று நானும் சொன்னதில்லை. பக்கத்தில் பேச ஆளில்லை என்று ஏங்கிக்கொண்டு, பேச வந்தவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க," என்றேன். "எனக்கு நாளைக்கு லீவு. தூக்குப்போசி கொண்டு வராதீங்க."

மறுநாள் அவள் சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, வெளிக்குழாயில் முழங்கை வரை கழுவிக்கொண்டு, கேட்டுக்கு உள்ளே வந்தாள். தூக்குப்போசியையும் கொண்டுதான் வந்திருந்தாள். வெறுங்கையோடு சாப்பிட வருகிற ஆள் இல்லை அவள். அதில் களியும் கீரையும் இருந்தது. அடுப்பங்கரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் களியை நான் தின்றேன். நான் ஆக்கியதை அவள் சாப்பிட்டாள். அம்மா உட்கார்கிற பலகையை நான் அவளுக்குப் போடவில்லை, அவளாகவே எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று பேசிப் பழகியவர்களுக்கு உட்கார்ந்து பேசத் தெரியவில்லை.

கத்திரிக்காயைப் பரிமாறியபோது அவள் சிரித்துவிட்டாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. எப்பப் பாரு கத்திரிக்காய் அப்படியே கெடக்கும் வாளியில. அவியளுக்குக் கத்திரிக்காய் ஆகாதாட்டமிருக்குது, அம்மணி ஏன் அதையே செய்யறாங்கன்னு நெனப்பேனுங்க. ஒரு நாளைக்கு உங்ககிட்டச் சொல்லிப்போடலாம்னு பாத்தேன். அவியளுக்கு வேற ஏதாவது வெச்சுக் குடுங்கன்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது. கத்திரிக்காய் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு அந்த ஆளைப் பற்றித் தான் நினைத்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உயரமான ஆளாக இருப்பார். சத்தம் போட்டுப் பேசமாட்டார், அதனால்தான் வாசலுக்குக் குரல் கேட்பதில்லை. காலையில் நேரத்தில் முகம் மழித்துக்கொள்கிற சுத்தமான மனுஷன். தெருவில் யாரோ ஏதோ சொன்னபோது, அம்மணிக்கு இப்பவாவது ஒரு துணை வந்ததே என்று இவள் அவர்களிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குப் புரையேறியது. அவள் எழுந்து வந்து என் தலையில் தட்டினாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் திரும்பப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அவிய இல்லைன்னு ஆனதுல எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க அம்மணி," என்றாள். "இருக்கறாங்கன்னு நெனச்சு நிம்மதியா இருந்தனுங்க."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. உயரமான, கத்திரிக்காய் தின்னாத, சத்தம் போடாத அந்த மனுஷரை எனக்கும் அதற்குள் பிடித்துப்போயிருந்தது. அம்மா போனபோது தெருவெல்லாம் கூடி அழுதது, நான் மட்டும் அழவில்லை. இலை எடுப்பதையும் பந்தல்காரனையும் பார்க்க வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் அடுப்பங்கரையில், பாதிச் சோற்றில், அம்மாவின் பங்கு கத்திரிக்காயை அவள் தட்டில் பார்த்தபோது அழுதேன். அவள் தடுக்கவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், போசியை எடுத்துக்கொண்டாள். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் பச்சை வாளியில் போட ஒன்றும் இல்லை. நான் அதை வெளியே வைக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். விசில் தெருவில் வந்தது, முனையில் திரும்பியது, சந்துக்குள் இறங்கியது. அப்புறம் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கிற சத்தம் கேட்டது.